நிழல் ஒடுங்கும் நேரம்

"மணி என்ன?" என்று கேட்டால் உடனே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறோம். "எந்த ஊரின் மணி?" என்று எவரும் திருப்பிக் கேட்பதில்லை. இடத்தையும் காலத்தையும் வெவ்வேறு பொருள்களாக எண்ணிப் பழகிவிட்டோம். அவை எவ்வளவு நெருங்கிப் பிணைந்தவை என்பதை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நேரான ஒரு கோலும், திருக்கேதீஸ்வரத்துப் பாலாவிக் கரையில் சிறிது வெட்டவெளியும் போதும்.

சித்திரைப் பிறப்பை ஒட்டி, ஏப்பிரல் 12 அல்லது 13ஆந் திகதியளவில், சூரியன் அவ்வூருக்கு நேர் உச்சியில் வருகிறான். செங்குத்தாக நாட்டிய கோலின் நிழல் மெல்ல மெல்லச் சுருங்கிக் கோலின் அடியிலேயே ஒடுங்கிவிடும். அவ்வேளை கடிகாரம் சரியாகப் பன்னிரண்டைக் காட்டும் என்றுதானே எண்ணுகிறீர்கள்? காட்டாது. 12 மணி 10 அல்லது 11 நிமிடம் ஆகியிருக்கும்.

காரணம் எளிது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். இலங்கைக் கடிகாரம் 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டை அளவாகக் கொண்டது. அக்கோடு நமது தீவுக்கும் கிழக்கே கடலில் செல்வது. திருக்கேதீஸ்வரமோ ஏறக்குறைய 80ஆம் பாகையில் இருக்கிறது. வேறுபாடு இரண்டரைப் பாகை. அதாவது 10 நிமிடம். ஆகவே நிழல் ஒடுங்கிய கணத்தைக் குறித்துக்கொண்ட மாணவன், தான் நிற்கும் நெடுங்கோட்டையே கண்டுபிடித்தவனாகிறான். காலத்தைக் கொண்டு இடத்தை அளந்துவிட்டான்! பதினெட்டாம் நூற்றாண்டில் ஜோன் ஹரிசன் என்னும் ஆங்கிலேயர் அரும்பாடுபட்டுக் கடற்கடிகாரம் செய்ததும் மாலுமிகளுக்கு இவ்வுதவி கிடைப்பதற்கே.

ஞானசம்பந்தர் இராமேசுவரத்தில் இருந்தபடியே கடல் கடந்த கேதீச்சரத்தைப் பாடி வணங்கினார் என்று பெரியபுராணம் கூறும். இரு தலங்களுக்கும் இடையே சுமார் 80 கிலோமீற்றர். மாதோட்டத்தில் உச்சிப்பொழுதான பின்னர் இராமேசுவரத்தில் உச்சிப்பொழுதாவதற்கு இரண்டரை நிமிடமளவு செல்லும். இயற்கை இட்ட இடைவெளி அவ்வளவே.

மனிதர் இட்ட இடைவெளி வேறு. மின்சாரத்தைச் சேமிக்கவென 1996 மே மாதத்தில் இலங்கைக் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுக்கப்பட்டன. 2006 ஏப்பிரலில்தான் பழைய நேரம் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளின் சித்திரையில், அதே நிழல் 12 மணி 40 நிமிடத்துக்கு மேல் ஒடுங்கியது. வன்னியில் புலிகளின் ஆளுகைக்குட்பட்ட பகுதிகளோ புதிய நேரத்தை ஏற்கவில்லை. மன்னார் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு சோதனைச் சாவடிக்கு இப்பால் ஒரு மணியும் அப்பால் வேறொரு மணியுமாக மக்கள் வாழ்ந்தார்கள். கோலின் நிழல் மட்டும் எந்தத் தரப்பின் கட்டளைக்கும் காத்திருக்கவில்லை.

நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றோடு காலத்தையும் நான்காம் பரிமாணமாகச் சேர்த்தே உலகைக் காணவேண்டும் என்று ஹேர்மன் மின்கோவ்ஸ்கி 1908இல் விளக்கினார். ஐன்ஸ்ரைனின் சார்புக் கொள்கை பிறந்து அப்போது மூன்றே ஆண்டுகள். கணிதம் கடினமானதுதான், கருத்தின் ஒரு பகுதியையேனும் பாலாவிக் கரை விளக்கிவிடும். "கேதீச்சரநாதர் சந்நிதியில் சந்திப்போம்" என்று ஒருவர் சொன்னால் இடம் தெரிந்துவிட்டது. ஆனால் எப்போது? போர்த்துக்கேயர் பழைய ஆலயத்தை அழித்தபின் அங்கே காடு மண்டியது. 1872இல் ஆறுமுக நாவலர் அத்தலத்தை மீட்க வேண்டுமென்று அறைகூவினார்; 1894இல் பழைய சிவலிங்கம் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது. 1800இல் அங்கு போய் நின்றவனுக்குச் சந்நிதி ஏது? 2022 குடமுழுக்கன்று அங்கு நின்றவர் கண்டது வேறு. நெடுங்கோடும் அகலக்கோடும் உயரமும் மாறவேயில்லை. நான்காவது அளவு ஒன்றே மாறியது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். உச்சியில் நாம் காணும் சூரியனும் "இப்போதைய" சூரியன் அல்லன். அவனது ஒளி நம்மை அடையச் சுமார் 8 நிமிடம் 20 விநாடி செல்கிறது.

சித்திரையைத் தவறவிட்டவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஓகஸ்ட் மாதக் கடைசியில், தெற்கு நோக்கித் திரும்பும் வழியில், சூரியன் மீண்டும் ஒருமுறை அவ்வூரின் உச்சியைக் கடப்பான். அப்பொழுதும் கடிகாரம் 12 மணி 11 நிமிடமளவில் இருக்கும்.