கைதட்டியவர்கள் எங்கே போனார்கள்?

1970-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி. ஸ்பெயின் நாட்டின் தலைநகரான மாட்ரிட்டில், விளையாட்டு அரங்கில் கூட்டம் அலைமோதியது. உள்ளே போக முடியாதவர்கள் வீட்டிலும் கடையிலும் டெலிவிஷன் முன்னால் கூடியிருந்தார்கள்.

மேடையில் இரண்டு பேர். ஒருவர் ஜெர்மன்காரர் பீட்டர் வைலண்ட். ஐரோப்பாவின் "ஹெவி வெயிட்" குத்துச்சண்டை சாம்பியன். மற்றவர் ஸ்பெயின்காரர் உர்த்தைன். வயது 26.

ஏழாவது ரவுண்டில் ஜெர்மன்காரர் கீழே விழுந்தார். பத்து எண்ணி முடிப்பதற்குள் அவரால் எழ முடியவில்லை. உர்த்தைன் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். நாடே கைதட்டியது.

22 ஆண்டுகள் ஓடின. 1992-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி, அதே மாட்ரிட் நகரில், உர்த்தைன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 49. பணக் கஷ்டம் ஒரு பக்கம், தனிமை மறு பக்கம்.

சரியாக நான்கு நாள் கழித்து, அதே ஸ்பெயினில், பார்சிலோனா நகரில் ஒலிம்பிக் விழா தொடங்கியது. உலகத்து வீரர்களை எல்லாம் மாலை போட்டு வரவேற்க நாடு தயாராக இருந்த நேரம் அது. சொந்த வீட்டுப் பயில்வான் போன சேதி அந்தக் கொட்டுமேளத்தில் அமுங்கிப் போயிற்று.

"வந்த பணத்தைக் காப்பாற்றத் தெரியவில்லை. குடித்தார், செலவழித்தார், கெட்டார்" என்று சொன்னவர்கள் உண்டு. அது பாதி உண்மை. மீதிப் பாதியை யார் சொல்வது?

கல் தூக்கும் ஊர்

உர்த்தைன் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அது அவர் வளர்ந்த பண்ணை வீட்டின் பெயர். சொந்தப் பெயர் ஹோசே மானுவெல் இபார். ஊர் செஸ்தோனா. ஸ்பெயினின் வடக்கே, பிரான்சு எல்லையை ஒட்டி, மலையும் கடலும் சேர்ந்த பாஸ்க் பகுதியில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒருவரை அவர் வீட்டுப் பெயரால் அழைப்பது வழக்கம்.

பாஸ்க் மக்கள் உழைப்பாளிகள். வேலையையே விளையாட்டாக ஆக்கியவர்கள். கோடாலியால் மரம் வெட்டுவதில் போட்டி வைப்பார்கள். கல் தூக்குவதில் போட்டி வைப்பார்கள். இளவட்டக்கல் தூக்குவது போலத்தான். ஆனால் ஒரு தடவை தூக்கினால் போதாது. 100 கிலோவுக்கு மேல் கனமுள்ள கல்லைத் தோள் வரை ஏற்றி, கீழே போட்டு, மறுபடியும் ஏற்ற வேண்டும். குறித்த நேரத்தில் யார் அதிகத் தடவை ஏற்றுகிறாரோ அவருக்கே வெற்றி. கூடி நிற்பவர்கள் பணம் கட்டுவார்கள்.

உர்த்தைன் இந்தக் கல் தூக்குவதில் பெயர் வாங்கியவர். அவருடைய தந்தையும் பெரிய பலசாலி. ஒரு நாள் மதுக்கடையில் ஒரு பந்தயம் நடந்ததாம். தந்தை தரையில் படுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் உயரத்திலிருந்து அவர் மார்பில் குதிக்க வேண்டும். எத்தனை பேரைத் தாங்குவார் என்பது பந்தயம். அந்தப் பந்தயமே அவர் உயிரைக் குடித்தது என்று சொல்லப்படுகிறது.

தந்தையின் உடம்பின் மேல் ஊர் பணம் கட்டியது. மகனின் உடம்பின் மேல் நாடே பணம் கட்டியது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இலுப்பைப் பூ சர்க்கரை

குத்துச்சண்டையில் பணம் போடுகிறவர்கள் சிலர், கல் தூக்கும் இந்த வாலிபரைப் பார்த்தார்கள். "கல்லைத் தூக்குகிற கை, மனிதனை வீழ்த்தாதா?" என்று நினைத்தார்கள். 1968-ம் ஆண்டு ஜூலையில் அவரை மேடையில் ஏற்றினார்கள். அப்போது அவருக்கு வயது 25. சிறு வயதில் பழகவேண்டிய வித்தை அது. மற்ற நாட்டு வீரர்கள் பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்போதே கையுறை மாட்டியவர்கள். உர்த்தைனுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

முதல் சண்டை அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. எதிரி சாய்ந்தார். அடுத்த எதிரியும் சாய்ந்தார். இப்படியே இரண்டு ஆண்டுக்குள் 25-க்கும் மேற்பட்ட வெற்றிகள். எல்லாமே எதிரியைக் கீழே வீழ்த்திய வெற்றிகள். பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின. அவரை வைத்து ஒரு படமே எடுத்தார்கள். அப்போது ஸ்பெயினை ஆண்டவர் சர்வாதிகாரி பிராங்கோ. மக்கள் அரசியல் பேச முடியாத காலம். அவர்கள் தாராளமாகப் பேசுவதற்கு ஒரு பெயர் கிடைத்தது. அந்தப் பெயர் உர்த்தைன்.

ஆனால் எதிரிகள் யார்? பெரும்பாலோர் பேர் தெரியாதவர்கள். வயது போனவர்கள், வித்தை போதாதவர்கள். சில சண்டைகள் முன்கூட்டியே பேசி வைத்தவை என்று அப்போதே சந்தேகம் எழுந்தது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். ஹெவி வெயிட் சாம்பியனுக்காக ஏங்கிக் கிடந்த நாட்டுக்கு இந்த வெற்றிகள் சர்க்கரையாக இனித்தன.

புதியவருக்கு எளிய எதிரியைக் கொடுப்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்தான். அது தவறு அல்ல. குழந்தைக்கு நடை பழக்கும்போது சமதரையில்தான் விடுவார்கள். ஆனால் நாளுக்கு நாள் ஒரு படி ஏற்ற வேண்டும். இன்று கொஞ்சம் கஷ்டம், நாளை இன்னும் கொஞ்சம் கஷ்டம் என்று கொடுக்க வேண்டும். சிறிய தோல்விகளையும் கொடுக்க வேண்டும். தோற்றவன்தான் "ஏன் தோற்றேன்?" என்று கேட்பான். கேட்டவன்தான் கற்பான்.

உர்த்தைனுக்கு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்க இடம் கொடுக்கவில்லை. அவர் தோற்றால் டிக்கெட் விற்காது. அதனால் வெற்றியை மட்டுமே ஊட்டினார்கள். வித்தையைக் கற்றுக்கொள்ளவேண்டிய ஆண்டுகள் வேடிக்கை காட்டுவதிலேயே போயின.

லண்டனில் கிடைத்த பாடம்

பட்டம் கிடைத்த சில மாதத்தில் உண்மை வெளியே வந்தது. 1970 நவம்பர் 10-ந் தேதி, லண்டனில் வெம்பிளி அரங்கு. எதிரே நின்றவர் ஹென்றி கூப்பர். ஆங்கிலேயர். வயது 36. குத்துச்சண்டையில் அது கிழப்பருவம்.

கூப்பர் 1952-ம் ஆண்டு ஒலிம்பிக்கிலேயே ஆடியவர். 1954-ல் இருந்து குத்துச்சண்டையைத் தொழிலாகக் கொண்டவர். பல தடவை தோற்றவர். முகமது அலியிடமே இரண்டு தடவை தோற்றிருக்கிறார். ஆனால் 1963-ல் நடந்த முதல் சண்டையில் அதே அலியை இடது கையால் கீழே தள்ளியவரும் அவர்தான். ஒவ்வொரு தோல்வியும் அவருக்கு ஒரு பாடம்.

அன்று இரவு அந்த இடது கை பேசியது. உர்த்தைன் முன்னே பாய்ந்தார். நேராக ஒரு குத்து வந்தது. மறுபடி பாய்ந்தார். மறுபடி அதே குத்து. தடுப்பது எப்படி, விலகுவது எப்படி என்று அவருக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்தவர் இல்லை. கல் திருப்பி அடிக்காது. கூப்பர் திருப்பி அடித்தார். ஒன்பதாவது ரவுண்டோடு சண்டை முடிந்தது. பட்டம் லண்டனிலேயே தங்கிவிட்டது.

உர்த்தைன் வெறும் பொய்க்கால் குதிரை அல்ல. அதையும் சொல்ல வேண்டும். 1971 டிசம்பரில் மாட்ரிட்டில், இங்கிலாந்தின் ஜாக் போடெல் என்பவரை இரண்டே ரவுண்டில் வீழ்த்தி, ஐரோப்பியப் பட்டத்தை இரண்டாவது தடவை வாங்கினார். கையில் பலம் இருந்தது, நெஞ்சில் துணிவு இருந்தது. முறையாகப் பழக்கியிருந்தால் எவ்வளவு தூரம் போயிருப்பார்!

1972 ஜூனில் ஜெர்மனியின் யூர்கன் பிளின் அந்தப் பட்டத்தைப் பறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு இறக்கம்தான். 1977-ல் பெல்ஜியம் நாட்டில் நடந்த சண்டை அவருக்குக் கடைசி. ஏறத்தாழ 70 சண்டைகள். 50-க்கும் மேற்பட்ட வெற்றிகள். வயது 34 நிறையுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

மாலை வாடிய பிறகு

34 வயதில் மற்றவர்கள் வாழ்க்கையில் காலூன்றுவார்கள். உர்த்தைனுக்கு அப்போதுதான் தரை நழுவியது. ஓட்டல் நடத்திப் பார்த்தார். காசுக்கு மல்யுத்தம் ஆடிப் பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை. பணம் இருந்தபோது தோளில் கை போட்டவர்கள், பணம் போனதும் தெருவைக் கடந்து அந்தப் பக்கமாகப் போனார்கள். குடும்பமும் சிதறியது.

"வயது வந்த மனிதர்தானே! தம் பணத்தைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாதது அவருடைய குற்றம்தான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பதை மறந்தவர், கடைசியில் கையைப் பிசைய வேண்டியதுதான்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். பண்ணை வீட்டில் வளர்ந்த ஒரு வாலிபர். திடீரென்று கை நிறையப் பணம். வாசல் நிறையக் கூட்டம். "நீ சிங்கம், நீ புலி" என்று நாள் முழுவதும் காதில் ஓதுகிறார்கள். அவர் அடித்த ஒவ்வொரு குத்துக்கும் பின்னால் பத்துப் பேர் பங்கு வாங்குகிறார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவராவது "தம்பி, இந்தக் காலம் ஐந்து வருடம்தான். அதற்குப் பிறகு என்ன செய்வாய்?" என்று கேட்டு, கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டாமா?

கூப்பருக்கும் கஷ்டம் வந்தது. இன்ஷூரன்ஸ் தொழிலில் போட்ட பணம் நஷ்டமாயிற்று. உயிராக வைத்திருந்த மூன்று பரிசுக் கச்சைகளை 1993-ல் ஏலத்தில் விற்றார். ஆனால் அவர் தனியாக நிற்கவில்லை. பக்கத்தில் மனைவியும் மக்களும் இருந்தார்கள். ரேடியோவில் குத்துச்சண்டையைப் பற்றிப் பேசியவர், விளம்பரங்களில் வந்தவர். சண்டை முடிந்த பிறகும் அவருக்கு வேலை இருந்தது. 2000-ம் ஆண்டில் "சர்" பட்டம் கிடைத்தது. பணம் போனாலும் மனிதர் போகவில்லை.

ஆக, உர்த்தைனைக் கொன்றது வறுமை மட்டும் அல்ல. "நீ இனி யாருக்கும் வேண்டாதவன்" என்ற எண்ணமும்தான்.

செய்யக் கூடியது உண்டு

இதற்கெல்லாம் வழி இல்லை என்று கையை விரிக்க முடியாது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1982-ம் ஆண்டில் குத்துச்சண்டை வீரர்களுக்காக ஓய்வூதிய நிதி ஒன்றைத் தொடங்கியது. சண்டை பார்க்க வருகிறவர் வாங்கும் டிக்கெட்டில் இருந்து சிறு தொகை அந்த நிதிக்குப் போகிறது. ஒரு டிக்கெட்டுக்கு ஒரு டாலர்கூட இல்லை. பார்க்கிறவருக்கு அது தெரியவும் தெரியாது. அந்தச் சில்லறைக் காசு, பிற்காலத்தில் ஒரு வீரரின் வீட்டில் அடுப்பு எரிய உதவுகிறது.

வழி மிக எளிது. வேடிக்கை பார்த்தவன் கொஞ்சம் கொடுக்க வேண்டும். லாபம் பார்த்தவன் இன்னும் கொஞ்சம் கொடுக்க வேண்டும். வீரரின் சம்பளத்தில் ஒரு பங்கை அவர் கையில் கொடுக்காமல், அவர் பெயரில் போட்டு வைக்க வேண்டும். மேடையில் இருக்கும்போதே வேறு ஒரு தொழிலையும் கற்றுக் கொடுக்க வேண்டும். பலம் உள்ள பையனைக் கண்டதும் மேடைக்குத் தள்ளாமல், முதலில் தகுந்த ஆசானிடம் அனுப்ப வேண்டும்.

இது குத்துச்சண்டைக்கு மட்டும் உள்ள நீதி அல்ல. ஓட்டக்காரன், பந்தாட்டக்காரன், சர்க்கஸ்காரன், நாடக நடிகன் எல்லோருக்கும் இதுதான். உடம்பு முதலாக இருக்கும் தொழிலில், முதல் சீக்கிரம் கரைந்துவிடும். வீட்டில் ஒரு பிள்ளை பரிசு வாங்கி வந்தால் பெற்றோர் மகிழலாம். மகிழத்தான் வேண்டும். அன்று இரவே, "இது முடிந்த பிறகு என்ன?" என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசவும் வேண்டும். கைதட்டல் இனிக்கும். ஆனால் அது சோறு போடாது.

2008-ம் ஆண்டில் உர்த்தைனின் வாழ்க்கை ஸ்பெயினில் நாடகமாயிற்று. அவர் வேடத்தில் நடித்தவர் பெரும் புகழ் பெற்றார். நாடகத்துக்குப் பரிசுகள் குவிந்தன. ஜனங்கள் மறுபடியும் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்க உர்த்தைன் இல்லை. அவர் போய் 16 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கைதட்டுவது குற்றம் அல்ல. தட்டிய கையை உடனே மடக்கிக்கொள்வதுதான் குற்றம். ஒரு டிக்கெட்டுக்குச் சில காசு, ஒரு பையனுக்கு ஒரு நல்ல ஆசான், தோற்று வரும் நாளில் கதவைத் திறக்க ஒரு மனிதர். உர்த்தைனுக்கு இவை கிடைக்கவில்லை. இனி மேடை ஏறப் போகிற பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும்.