கிரகணம் பார்க்கப் போவது வீண் செலவா?

“சூரியன் மறைவதைப் பார்க்க இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு மதுரைக்குப் போகச் சொல்கிறீர்களா, தோழரே?”

மானாம்பதியில் விவசாயத் தொழிலாளர் கூட்டம் முடிந்ததும் ஒரு தோழர் நம்மைக் கேட்ட கேள்வி இது. 2031 மே 21 அன்று நண்பகலை ஒட்டி மதுரையில் வளைய கிரகணம் தெரியும் என்று நாம் சொல்லியிருந்தோம். கேள்வி நியாயமானது. இரண்டு நாள் கூலி என்றால் வீட்டு அரிசி. பதிலும் நேர்மையாக இருக்க வேண்டும்.

சந்திரன் சூரியனை முழுவதும் மறைத்தால் அது பூரண கிரகணம். பட்டப்பகலில் இருள் கவியும், நட்சத்திரம் தெரியும், சூரியனைச் சுற்றி வெண்ணிற ஒளி விரியும். சந்திரன் பூமிக்குச் சற்றுத் தொலைவில் இருக்கும்போது மறைத்தால் ஓரத்தில் நெருப்பு வளையம் மிஞ்சும். இருள் கவியாது. மதுரையில் தெரியப்போவது இதுதான். இந்திய மண்ணுக்கு அடுத்த பூரண கிரகணம் 2034 மார்ச் 20 அன்று, லடாக் பக்கம் வருகிறது. கடன் வாங்கி அங்கே போ என்று நாம் எவருக்கும் சொல்லமாட்டோம்.

ஆனால் கிரகணம் பார்க்கப் போவதே வீண் என்பதை ஏற்க முடியாது. ஜான்சன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1868 ஆகஸ்ட் 18 அன்று ஆந்திரத்துக் குண்டூரில் பூரண கிரகணம் பார்த்தார். சூரியனின் விளிம்பில் எழும் செஞ்சுடர்கள் ஹைட்ரஜன் வாயுவே என்று கண்டார். 1870 டிசம்பரில், கம்யூன் எழுவதற்குச் சில மாதங்கள் முன்பு, பிரஷ்யப் படை பாரிசை முற்றுகையிட்டிருந்தது. அவர் பலூனில் ஏறி முற்றுகையைத் தாண்டி அல்ஜீரியா போனார். அங்கே மேகம் மறைத்துவிட்டது! மனம் தளரவில்லை. 1871 டிசம்பர் 12 அன்று நமது நீலகிரியில், சோலூரில் நின்று கண்குளிரப் பார்த்தார். அவருடைய கனத்த கருவிப் பெட்டிகளை மலைமேல் ஏற்றியது நம்மைப் போன்ற கூலியாட்களின் தோள்களே.

பெட்டி சுமக்க நம் தோள் வேண்டும். பார்க்க மட்டும் நம் கண் வேண்டாமா?

பார்க்காமல் இருப்பதற்கும் விலை உண்டு. 2019 டிசம்பர் 26 கிரகணத்தின்போது கர்நாடகத்தில் கலபுரகிப் பக்கம் ஊனமுற்ற குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்தார்கள், நோய் தீரும் என்று நம்பி. அதே காலையில் மானாம்பதியில், மேகம் விலகிய சிறு பொழுதில், புங்கமரத்து இலை இடுக்கு வழியே தரையெல்லாம் பிறை பிறையாக வெளிச்சம் விழுந்ததை நாம் காட்டினோம். “ராகு கடிச்சா இத்தனை பிறையா விழும்?” என்று ஒரு கிழவி சிரித்தாள். பத்து மேடைப் பேச்சு செய்யாததை அந்தச் சிரிப்பு செய்தது. அதற்குக் காலணா செலவில்லை.

ஆகவே நாம் சொல்வது இது. எல்லாரும் போகவேண்டியதில்லை. ஊர்கூடி நிதி திரட்டி, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரை மதுரைக்கு அனுப்புவோம். கோடை விடுமுறைதான், பள்ளி கெடாது. அரசே பஸ் விடவேண்டும் என்று இப்போதே கேட்போம். மற்றவர்கள் ஊரிலேயே பகுதி கிரகணத்தை மரத்தடியில் பார்ப்போம். வெறுங்கண்ணால் சூரியனை ஒரு நொடியும் பார்க்கக்கூடாது. தரமான கிரகணக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். புகைக்கண்ணாடியும் பழைய எக்ஸ்ரே தாளும் உதவாது.

போய்வந்த பிள்ளை களத்துமேட்டில் நின்று தான் கண்டதைச் சொல்லட்டும். அந்த இரண்டு நாள் கூலி வீண் போகாது. சூரியன் எவனுடைய பட்டா நிலமும் அல்ல!