இருட்டில் பார்க்க என்ன இருக்கு?

நாங்கள் தேடியது எங்கட வடக்குப் புகையிரதப் பாதையை. ஓமந்தை தாண்டி கிளிநொச்சி வரைக்கும் எஞ்சினுக்கு முன்னால் கமரா வைத்து யாராவது எடுத்திருப்பார்களா என்று ‘நோர்தேர்ண் லைன், ரைவர் வியூ’ எண்டு யூரியூப்பில் போட்டோம். வந்து நின்றது லண்டன். அங்கேயும் ஒரு நோர்தேர்ண் லைன் இருக்கு, நிலத்துக்குக் கீழே ஓடுற கோச்சி. சரி, ஒரு நிமிசம் பாப்பம் என்று தொடங்கியது, முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. அறைக்குள் எட்டிப் பார்த்த எங்களில் ஒருவரின் அம்மா கேட்டா: “உதென்ன பிள்ளையள், கரண்ட் போன மாதிரி இருட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள்?”

நியாயமான கேள்விதான். நிலக்கீழ் ரயிலின் ரைவர் இருக்கையில் இருந்து எடுக்கிற வீடியோவில் கதை இல்லை, கதாபாத்திரம் இல்லை, முக்கால்வாசி நேரம் வெளிச்சமும் இல்லை. குழாய் மாதிரி ஒரு சுவர், நாலு தண்டவாளம் (ரெண்டில சில்லு ஓடும், மற்ற ரெண்டும் மின்சாரத்துக்கு), தூரத்தில ஒரு பச்சை லைற். ஆனாலும் இதை றெயில் பைத்தியங்களின் பொழுதுபோக்கு எண்டு ஒதுக்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

‘கீழே பார்க்க ஒன்றுமில்லை’ என்ற எண்ணம் இந்த ரயிலின் வயசுக்குப் பழசு. இண்டைக்கு நோர்தேர்ண் லைனின் ஒரு பகுதியாக இருக்கும் பாதை 1890இல் திறக்கப்பட்டபோது, பெட்டிகளில் ஒழுங்கான ஜன்னலே வைக்கவில்லை. சுரங்கத்துக்குள்ள என்னத்தைப் பாக்கிறது எண்டு கொம்பனி நினைத்தது. மேலே சின்னக் கண்ணாடிக் கீற்று மட்டும். மெத்தை வைத்த சிறைக்கூடம் என்று சனம் அதுக்குப் பட்டம் வைத்தது. ஆனால் 1905இலேயே பில்லி பிற்சர் என்ற ஒளிப்பதிவாளர் நியூயோர்க்கில் ஓடும் நிலக்கீழ் ரயிலின் முன்பக்கத்தில் கமராவைக் கட்டிப் படம் எடுத்துவிட்டார். அந்த ரயில் தொடங்கி அப்போது ஏழு மாதம்தான். இருட்டைச் சமாளிக்கப் பக்கத்துத் தண்டவாளத்தில் விளக்குகள் ஏற்றிய ஒரு வண்டியைக் கூடவே ஓடவிட்டார்கள். 1980களில் பிரித்தானியாவில் இது கசெற் வியாபாரமாகவே ஆகியது. ‘வீடியோ 125’ என்ற கொம்பனி ரைவரின் கண்ணால் பார்க்கிற பயணங்களைத்தான் விற்றது.

சரி, என்ன தெரியும்? சென்ட்ரல் லைனில் 1900இல் திறந்த பழைய பகுதியைப் பாருங்கள். ஸ்ரேசனுக்கு முன்னால் பாதை மெல்ல மேலே ஏறும், ஸ்ரேசனைத் தாண்டினதும் இறங்கும். ஏறும்போது வேகம் தானாகக் குறையும், இறங்கும்போது தானாகக் கூடும். மின்சாரம் மிச்சம், பிரேக் மிச்சம். பெட்டிக்குள்ள இருக்கிறவருக்கு இது தெரியாது. அதே லைனில் பாங்க் ஸ்ரேசனுக்குள் நுழைகிற வளைவு வயித்தைக் கலக்கும். தனியார் கட்டடங்களுக்குக் கீழே போனால் காசு கட்டவேணும் எண்டு மேலே இருக்கிற தெருக்களுக்கு நேர் கீழேயே தோண்டினார்கள். காணிப் பிரச்சினை எங்கட ஊரில மட்டும் இல்லை! பிக்கடிலி லைனில் கிறீன் பார்க்குக்கும் ஹைட் பார்க் கோர்னருக்கும் இடையில் குழாய்ச் சுவர் திடீரெனச் செங்கல் சுவராக மாறும். அது 1932இல் மூடின டவுன் ஸ்ட்ரீற் ஸ்ரேசன். யுத்த காலத்தில் சேர்ச்சில் அங்கே ஒளிஞ்சு படுத்திருக்கிறார். வீடியோ எண்டால் அந்த இடத்தில் நிப்பாட்டிப் பார்க்கலாம்.

இதைவிட எங்களைப் பிடிச்சு வைத்தது பிளற்போம். இருட்டு, இருட்டு, ஒரு வெளிச்சப் புள்ளி. அது வட்டமாகி விரிய, நூறு முகங்கள் ஒரே நேரம் உங்கள் பக்கம் திரும்பும். மஞ்சள் கோட்டில் காலை வைத்துக்கொண்டு போன் பார்க்கிற ஆக்கள். வந்த வேகத்தில் உடனே நிப்பாட்ட ஏலாது. ரைவர் இதை ஒரு நாளில் எத்தனை தரம் கடக்கிறார் எண்டு யோசித்தால், பயணியாக நாங்கள் அந்தக் கோட்டில் நிற்கிற விதமே மாறும். ஜூபிலி லைனில் 1999இல் நீட்டிய பகுதியின் நிலக்கீழ் ஸ்ரேசன்களில் கண்ணாடிக் கதவுகள் போட்டிருக்கிறார்கள். அங்கே அந்த முகங்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். பார்க்கிற எங்களுக்கே தோள் லேசாகும்.

எங்களுக்குப் பிடிச்சது இன்னும் கையால் ஓட்டுகிற பிக்கடிலியும் பேக்கர்லூவும். விக்ரோரியா லைன் 1968இல் திறந்த நாளில் இருந்து தானியங்கி. ரைவர் கதவை மூடிப் பொத்தானை அமத்தினால் அது தன்பாட்டில் போய் நிக்கும். கையால் ஓட்டுகிற வீடியோவில் பிரேக் பிடிக்கிற சத்தத்திலேயே ஒரு மனிசனின் அனுபவம் கேட்கும்.

ஆனபடியால்தான் இதுக்கு மேல பாட்டுப் போடுகிறவர்களோடு எங்களுக்குக் கோபம். வேகத்தைக் கூட்டி ஐந்து நிமிசமாக்குகிறவர்களோடு இன்னும் கோபம். நோர்வேயின் அரச தொலைக்காட்சி 2009இல் பேர்கன் ரயில் பயணத்தை ஏழு மணித்தியாலத்துக்கு மேலே ஒளிபரப்பினது, எங்களுக்கு மிகப் பிடித்த வேலை. அவர்களும் சுரங்கம் வரும்போது பழைய ஆவணக் காட்சிகளைப் போட்டு நிரப்பினார்கள். இருட்டை விட்டிருக்கலாம். இன்னொன்று: ஓட்டிக்கொண்டே ரைவர் கையில் போனைப் பிடித்து எடுத்த வீடியோக்களை நாங்கள் பகிர்வதில்லை. கமராவைப் பூட்டி வைத்து, நிர்வாகத்தின் அனுமதியோடு எடுக்கலாம்.

அப்படி எங்கட பாதையிலும் எடுக்கவேணும் என்பதுதான் எங்கட கோரிக்கை. 1990க்கும் 2014க்கும் இடையில் யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி இல்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போனது. அதுக்கு முந்தின பாதை எப்பிடி இருந்தது எண்டு நாங்கள் கேட்டால் பெரியாக்கள் ஸ்ரேசன் பெயர்களை வரிசையாகச் சொல்லுவினம், யாழ்தேவியில் வாங்கின வடையைச் சொல்லுவினம். எஞ்சினுக்கு முன்னால் இருந்து அந்தப் பாதையைக் காட்டுகிற ஒரு பதிவு எங்கள் கைக்கு வந்ததில்லை. எடுக்கிறதுக்குப் பெறுமதியான சாமான் எண்டு அப்ப ஆரும் நினைச்சிருக்க மாட்டினம். ஒவ்வொரு நாளும் ஓடுற கோச்சிதானே.

நோர்தேர்ண் லைனில் மோர்டனில் இருந்து ஈஸ்ற் பிஞ்ச்லி வரைக்கும் 27.8 கிலோமீற்றர் ஒரே சுரங்கம். அந்த வழியில்தான் ரூற்றிங் இருக்கு, எங்கட சனம் நிறைய இருக்கிற இடம். எங்களில் ஒருவரின் சித்தப்பா இருபது வருசமாக அங்கே இருந்து வேலைக்குப் போகிறார். வீடியோவை அவருக்கு அனுப்பினோம். ரெண்டு நாள் பதில் இல்லை. பிறகு வொய்ஸ் மெசேஜ் வந்தது: “டேய், ஸ்ரொக்வெல் வரைக்கும் பாத்திட்டன். அதில ஒரு இடத்தில காது கிழியிற மாதிரிச் சத்தம் வரும், நான் எப்பவும் கண்ணை மூடிக்கொள்ளுவன். அந்த இடம் எப்பிடி இருக்குதெண்டு இண்டைக்குத்தான் பாத்தன். மிச்சத்தை நாளைக்கு வேலைக்குப் போகேக்க பாக்கிறன்.”