குருவும் வாரிசும் இல்லாத ஒரு கோடு

மாலேவிச்சின் பாசறையில் உருவான சீடர்களுள் ஒருவர் என்று ரஷ்ய ஓவியர் ஓல்கா ரோஸனோவாவை ஒரே வரியில் முடித்துவிட்டது, அண்மையில் ஒரு சிற்றிதழின் ஓவியச் சிறப்பிதழில் வந்த கட்டுரை. அதே கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், அவருடைய 'பச்சைக் கோடு' (1917), 1948இல் பார்னெட் நியூமன் அமெரிக்காவில் போடப்போகும் கோட்டுக்கு முன்னறிவிப்பாம்! மேலே ஒரு குரு, கீழே ஒரு வாரிசு. நடுவில் இருப்பவர் தன் கோட்டைத் தானே போட்டார் என்று எழுத மட்டும் கை வரவில்லை.

மாலேவிச்சின் சதுரங்கள் வெளியில் மிதப்பவை. ரோஸனோவாவின் பட்டையில் மிதக்க வடிவமே இல்லை. வெளிர்ந்த பரப்பில் நிறமே ஒளியாக நிற்கிறது. இதைச் சீடத்தனம் என்பவர் இரண்டையும் பார்க்கவில்லை, பெயர்ப் பட்டியலைத்தான் பார்த்திருக்கிறார். 1915 இறுதியில், பெத்ரோகிராதில் '0,10' கண்காட்சி நடந்த நாட்களிலேயே, மாலேவிச் அறிவித்த சுப்ரமாட்டிசம் என்ற அருவ ஓவியம் முழுக்கத் தன் ஒட்டுவேலைகளிலிருந்து வந்ததுதான் என்று கவிஞர் குருச்சோனிக்குக்குக் கடிதம் எழுதிப் பொருமியவர் ரோஸனோவா. அந்த உரிமைகோரலை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இப்படி ஒரு வழக்கு உண்டு என்றாவது கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

போகட்டும், ரோஸனோவா உருவாக்கிய கவிதைப் புத்தகங்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் உண்டா? 1913இல் குருச்சோனிக்கோடு சேர்ந்து செய்த 'கெட்ட வார்த்தைகளின் வாத்துக்கூடு': கவிதையும் சித்திரமும் ஒரே கல்லச்சில், பிறகு பிரதி பிரதியாகக் கையால் தீட்டிய வண்ணம். அது ஓரத்தில் ஒதுங்கி நிற்காமல் வரிகளின் மேலேயே வழியும். படம் கவிதைக்கு உரை எழுதுவதில்லை, கூடவே கத்துகிறது. அடுத்த ஆண்டு 'தே லி லே'யில் எழுத்தே ஓவியமாயிற்று. பொருளைத் துறந்த ஸாஉம் கவிதைக்கு இதைவிடப் பொருத்தமான பக்கத்தை இன்றுவரை யாரும் வடிவமைத்ததாகத் தோன்றவில்லை.

அந்தப் 'பாசறை' 1916-17இல் கொண்டுவர நினைத்த 'சுப்ரேமுஸ்' இதழின் செயலாளரும் ரோஸனோவாதான். படைப்புகள் சேர்ந்தன, இதழ் அச்சேறவில்லை. புரட்சிக்குப் பின் கல்வி ஆணையத்தில் தொழிற்கலைப் பணி. 1918 நவம்பரில், புரட்சியின் முதலாண்டு விழா நேரத்தில், தொண்டை அடைப்பான் கொண்டுபோயிற்று. வயது 32.

இஸங்களின் வரலாறு அறிக்கைகளில் கையெழுத்திட்டவர்களின் வரலாறாகவே இங்கு எழுதப்படுகிறது. யார் பசை தடவினார்கள், யார் படைப்புகளைத் திரட்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பேரிதழ்கள் நாயகர்களைத் தேடட்டும், அது அவற்றின் பிழைப்பு. மெய்ப்பும் தபால்தலையும் ஒட்டும் பசையுமாகவே வாழும் சிற்றிதழும் அதே வேலையைச் செய்தால், நமக்கு எதற்குத் தனியாக ஓர் இதழ்?