மோட்டார் அபராதமும் ராஜாங்க ரகசியமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ராஜாங்க ரகசியங்களைக் கையாளும் உத்தியோகத்தை நாடுகிறவர், தமது வாழ்க்கை வரலாற்றையே சர்க்காரிடம் ஒப்புவித்தாக வேண்டும். 86-ஆம் எண் படிவம் என வழங்கிவரும் விண்ணப்பம் நூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. குடியிருந்த வீடுகள், பட்ட கடன்கள், போலீஸாரிடம் அகப்பட்ட சந்தர்ப்பங்கள் யாவும் அதில் கேட்கப்படுகின்றன. மோட்டாரை வேகமாக ஓட்டி அபராதம் கட்டியவருக்கு ரகசிய அனுமதி கிடைக்குமா என்று அந்நாட்டு வாலிபர் பலர் கவலையுறுவதில் வியப்பில்லை.

இவ்விஷயத்தில் விதிகள் கொடியவை என்று கூறுவதற்கில்லை. மதுவோ போதை வஸ்துவோ சம்பந்தப்படாத, 300 டாலருக்குக் குறைந்த மோட்டார் அபராதத்தை அப்படிவம் கேட்பதே இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது வேறு விஷயம். 2017-ல் அமலுக்கு வந்த 13 நெறிகளில், மதுபானத்தைப் பற்றியதும் குற்றச் செயலைப் பற்றியதும் ஒருங்கே அவர்மீது பாயும். தனித்தனியே அற்பமான பிழைகளும், அடுக்கடுக்காக நேர்ந்தால், ஒருவருடைய நிதானத்தைக் குறித்து ஐயம் எழுப்பக்கூடும். ஆயினும் எந்த வயதில் நடந்தது, எத்தனை ஆண்டுகள் கழிந்தன, மறுபடியும் நேர்ந்ததா என்பவற்றைச் சீர்தூக்கி, முழு மனிதரையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டுமென்பது நியமம். இது நியாயமே.

பிழையைவிடப் பிழையை மறைத்தலே பெருங்கேடாய் முடிகிறது. தெரிந்தே பொய் எழுதுவது ஐந்தாண்டு வரை சிறைவாசத்துக்குரிய குற்றம். பிறர் கண்டுபிடித்துக் கேட்குமுன் தாமே முன்வந்து திருத்தினால், அது அவருக்கு அனுகூலமாகக் கொள்ளப்படும். இதன் காரணம் எளிது. மறைத்து வைத்த பிழை அந்நிய ஒற்றன் கையில் சிக்கினால், அதைக்கொண்டே அவரை மிரட்டிப் பணியவைக்கலாம் அல்லவா? ரகசிய அனுமதியை உரிமையாகக் கேட்க எவராலும் இயலாது என்று 1988-ல் ஈகன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. ஐயம் தீராவிடில், பாதகம் விண்ணப்பதாரருக்கே.

பிரஜையிடம் இவ்வளவு கண்டிப்பாக உண்மையைக் கோரும் சர்க்கார், தன் இலாகாவுக்குள் நடந்துகொண்ட விதம் என்ன? மத்திய உளவு ஸ்தாபனத்தின் உத்தியோகஸ்தன் ஆல்ட்ரிச் ஏம்ஸ், மெக்ஸிகோ நகரில் வேலை பார்த்த காலத்தில் மோட்டார் விபத்தொன்றில் சிக்கினான். போலீஸாரின் கேள்விகளுக்கு விடையளிக்கவும் திராணியற்ற போதையில் இருந்தான். அவனுடைய குடிப் பழக்கத்தை மேலதிகாரிகள் அறியாதவர்களல்லர். அறிந்தும் 1983-ல், சோவியத் விவகாரப் பகுதியில் எதிரி ஒற்றர்களைக் கண்காணிக்கும் பொறுப்பே அவனுக்கு அளிக்கப்பட்டது! 1985 முதல் அவன் ரகசியங்களைச் சோவியத் சர்க்காருக்கு விற்றான். 1989-ல் 5,40,000 டாலர் ரொக்கமாகக் கொடுத்து வீடு வாங்கினான். 1986-லும் 1991-லும் பொய்யறியும் யந்திரச் சோதனைகளில் தேறினான். அமெரிக்காவுக்கு உளவு சொன்ன சோவியத் உத்தியோகஸ்தர் பலர் உயிரிழந்த பிறகு, 1994-ல்தான் கைதானான். இங்கே மறைவாயிருந்த பிழை எதுவும் இல்லை. குடியும் ஆடம்பரமும் எல்லாரும் பார்த்திருக்க நடந்தவை.

அனுமதி பெற்றவர்களின் போலீஸ் வழக்குகளையும் கடன்களையும் இடைவிடாது ஏடுகளில் பார்த்துவரும் ஏற்பாடு இப்பொழுது நடைமுறைக்கு வந்திருக்கிறது. நல்லதே. ஆனால் வெளிநாட்டுத் தெருவில் நேர்ந்து, வழக்காகாமல் ஓய்ந்துபோன விபத்து எந்த ஏட்டில் ஏறும்? சகாக்களின் குடிமயக்கத்தையும், காரணம் விளங்காத திடீர்ச் செல்வத்தையும் அறிவிக்கும் கடமை, ரகசிய அனுமதி பெற்ற யாவருக்கும் 2017-ல் விதிக்கப்பட்டுள்ளது. பழைய அபராதச் சீட்டை எழுதத் தவறிய இளைஞரிடம் காட்டும் கண்டிப்பை, இக்கடமையில் தவறும் மேலதிகாரிகளிடமும் அமெரிக்க சர்க்கார் காட்ட வேண்டும்.