பாடம் எழுதியவர் யார்?



முத்தாபுதுப்பேட்டையில் பிள்ளை பெற்றிருந்த ஒரு பெண்ணைக் காண அண்மையில் நானும் என் மனைவியும் சென்றிருந்தோம். தொட்டிலருகே பளபளப்பான கையேடு ஒன்று கிடந்தது. “பிரசவம் பார்த்த இடத்தில் கொடுத்தார்கள், ஐயா. இதைப் படித்தது முதல், என் பால் பிள்ளைக்குப் போதாதோ என்று பயமாக இருக்கிறது” என்றாள் அப்பெண். புரட்டிப் பார்த்தேன். பின்னட்டையில் பால்மாவு டப்பாவின் படம்!

மருத்துவமனைகளுக்கு நலவாழ்வுப் பாடங்களை எழுதிக் கொடுப்பது இன்று தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. எளிய தமிழில் அமைந்த நல்ல கையேடு உயிர் காக்கும். ஆனால், எழுதியவருக்குக் கூலி கொடுத்தவர் யார் என்று கேட்பது நம் கடமையன்றோ?

இக்கேள்வி புதிதன்று. 1939ஆம் ஆண்டிலேயே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் சிங்கப்பூரில், தாய்மாரைப் புட்டிப்பாலுக்குத் திருப்பும் பொய்ப் பிரசாரத்தைக் கொலை என்றே கண்டித்துப் பேசினார். 1976இல் அமெரிக்காவில் திரு இரத்தச் சபைக் கன்னியர், தாங்கள் பங்கு வைத்திருந்த பால்மாவு நிறுவனத்தின் மீதே வழக்குத் தொடுத்தனர். 1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை இவ்விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது.

நம் நாட்டிலோ 1992இல் சட்டமே பிறந்தது. 2003இல் அது மேலும் இறுக்கப்பட்டது. பால்மாவின் விற்பனையைப் பெருக்கும் தாள்களை மருத்துவமனை வாயிலாக வழங்குதல் ஆகாது. குழந்தைக்கு உணவூட்டுவது பற்றிய எந்தப் பாடநூலும் தாய்ப்பாலின் மேன்மையையும், புட்டிப்பாலின் செலவையும், அதனைத் தவறாகப் பயன்படுத்துவதால் விளையும் கேட்டையும் கூறியே ஆகவேண்டும். அப்பெண்ணின் கையேட்டில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை.

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலே போதும், தண்ணீரும் வேண்டுவதில்லை. சில நாட்கள் சென்றபின், குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவருமாயின், பால் போதுகிறது என்பது பொருள். ஐயமிருப்பின் மருத்துவரையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ கேளுங்கள். இதனை எடுத்துச் சொன்னபோது அவள் முகம் தெளிந்தது.

பெற்றோரே, இலவசமாக வரும் எந்தக் கையேட்டையும் பின்னட்டையிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். பெத்லகேம் தொழுவத்தில் தேவபாலனுக்கு அமுதூட்டிய அன்னை மரியாள், ஏழைத் தாயின் மடியில் இறைவன் வைத்துள்ள செல்வத்தை நமக்கு உணர்த்துவாளாக!