ஒரு மார்க் விடையும் மூவர்ணக் கொடியும்

பொது அறிவுப் புத்தகம் எதைப் புரட்டினாலும் இந்தக் கேள்வி இருக்கும்: தேசியக் கொடியை வடிவமைத்தவர் யார்? பிங்கலி வெங்கையா என்று எழுதினால் ஒரு மார்க். நியாயமாகப் பார்த்தால் கால் மார்க்தான் போட வேண்டும்.

வெங்கையாவின் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1916-லேயே கொடி மாதிரிகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டவர் அவர். ஆனால் 1921 ஏப்ரலில் 'யங் இந்தியா'வில் காந்தி எழுதியதைப் பாருங்கள். வெங்கையாவின் விடாமுயற்சியைப் பாராட்டிய கையோடு, அந்த மாதிரிகளில் எதுவும் தேசத்தின் உள்ளத்தைத் தொடவில்லை என்று சொல்லிவிடுகிறார். ராட்டையைப் போடலாம் என்ற யோசனை ஜலந்தர் லாலா ஹன்ஸ்ராஜுடையது. சிவப்பு, பச்சைப் பின்னணியில் ராட்டை வரையச் சொன்னவர் காந்தி. பெஜவாடாவில் மூன்றே மணி நேரத்தில் வரைந்து கொடுத்தவர் வெங்கையா. பிறகு யோசித்து வெள்ளையைச் சேர்த்தவரும் காந்திதான். அந்தக் கொடியில் வெள்ளை மேலே, பச்சை நடுவில், சிவப்பு கீழே. இன்று நாம் ஏற்றுவது அது அல்ல.

காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு என்பது அடுத்த பாடம். 1921-ல் சிவப்புக்கும் பச்சைக்கும் அந்த அர்த்தம் இருந்தது உண்மை. அதனால்தான் சீக்கியர்கள் தங்களுக்கும் ஒரு நிறம் கேட்டார்கள். 1931-ல் பட்டேல், நேரு, ஆசாத், தாரா சிங் உள்ளிட்ட ஏழு பேர் குழு கூடி, பிரச்சினையே வேண்டாம் என்று கொடி முழுவதையும் காவியாக்கப் பரிந்துரைத்தது! பம்பாயில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி அதை ஏற்கவில்லை. காவி, வெள்ளை, பச்சை என்ற வரிசையை முடிவு செய்து, நிறங்களுக்கு மத அர்த்தம் கிடையாது என்று தீர்மானமும் போட்டது. தீர்மானத்தை மறந்துவிட்டோம், பழைய அர்த்தத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

1947-ல் ராட்டையைத் தூக்கியெறிந்துவிட்டார்கள் என்பது இன்னொரு புகார். காந்திக்கே அதில் வருத்தம்தான். ஆனால் ராஜேந்திர பிரசாத் தலைமையிலான குழுவில் ராஜாஜி, அம்பேத்கர், சரோஜினி நாயுடு எல்லாம் இருந்தார்கள். யோசிக்காமல் செய்த காரியமல்ல. ராட்டையில் ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் கதிர். கொடியைப் பின்னாலிருந்து பார்த்தால் படம் இடவலமாக மாறிவிடும். சக்கரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. அரசியல் நிர்ணய சபையில் நேரு இதைத்தான் விளக்கினார். ஜூலை 22-ல் நிறைவேறிய தீர்மானமோ, அந்த நீலச் சக்கரம் ராட்டையைக் குறிக்கிறது என்றே சொல்கிறது. அதன் வடிவம் மட்டும் சாரநாத் தூணிலிருந்து.

வெங்கையா இல்லையென்றால் சுரையா தியாப்ஜி என்று இப்போது சிலர் வேறு பெயரை முன்வைக்கிறார்கள். சபையின் தீர்மானம் நிறங்களைச் சொல்கிறது, சக்கரத்தைச் சொல்கிறது, அகலமும் நீளமும் 2:3 என்கிறது. வரைந்தவர் பெயர் என்று ஒன்றை அது சொல்லவே இல்லை.